பிக்குவுக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு

சாமி கும்பிடாத புருஷன் திடீரென்று சாமி கும்பிட ஆரம்பித்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

சந்தோஷப்படுவேன் என்று சொல்கிறவர்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனவர்கள், "யார் அவள்?" என்று கேட்பார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். மனசுக்குள்.

என் வீட்டுக்காரர் பெயர் தேச்சா. விகாரைக்குப் போனால் மண்டபத்துக்குள் வரமாட்டார். வாசலில் மீன் சுடுகிற கடையோடு அவர் பக்தி முடிந்துவிடும். அப்படிப்பட்ட மனுஷன் இந்த மழைக்காலத்தில் மாறிவிட்டார். வண்டியில் ஏறினால் ஒரு கும்பிடு. இறங்கினால் ஒரு கும்பிடு. டாஷ்போர்டில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பித்தளைப் பிக்கு சிலைக்கு முன்னால் தலையைக் குனிவார். பிறகு இடது கையைச் சிலைக்குப் பின்னால் விட்டு ஒரு தடவு தடவுவார். அதுவும் இடது கையால்!

"என்னங்க இது?"

"பின்பக்கத்துலதான் சக்தி அதிகம்."

"யாரு சொன்னா?"

"பெரியவங்க."

"எந்தப் பெரியவங்க?"

"செத்துப்போன பெரியவங்க."

சாட்சியைக் கூப்பிட முடியாதபடி பதில் சொல்கிற புருஷனை நம்பக் கூடாது.

எங்கள் வண்டி ஒரு பிக்கப். நிறம் சாம்பல். ஆனால் பின்னால் 'இந்த வண்டி சிவப்பு நிறம்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. இவர் பிறந்த கிழமைக்குச் சாம்பல் ஆகாது, சிவப்புதான் ஆகும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அதற்காக முழு வண்டிக்கும் பெயிண்டா அடிக்க முடியும்? ஸ்டிக்கர் போதும். கிரகங்கள் படித்துவிட்டுப் போய்விடும். தாய்லாந்தில் எங்கள் லோய் மலைப்பக்கத்தில் பாதி வண்டிகள் இப்படி வேறு நிறத்தில்தான் ஓடுகின்றன. அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை.

காலையிலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் வண்டி என்னுடையது. பின்னால் இரண்டு பெஞ்சு, மேலே கூரை. அடிவாரத்து ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பக் கூட்டி வருவேன். முன் சீட்டில் என் மகள் குங். குங் என்றால் இறால். பிறந்தபோது அப்படித்தான் சுருண்டு கிடந்தாள். மற்ற நேரமெல்லாம் வண்டி அவருடையது. இஞ்சி மூட்டை, மக்காச்சோளம், சிநேகிதர்கள் எல்லாம் அவர் லோடு.

வம்பு சட்டையில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடச் சட்டை வெள்ளை. பிரானி அக்கா ஒரு நாள் தன் பையனின் சட்டையைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே விரித்தாள்.

"இது என்ன நிறம், சொல்லு தா." தா என் பெயர்.

"வெள்ளைக்கா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"வேணும்னா வெள்ளைன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்கா."

அவள் சிரிக்கவில்லை. பெஞ்சில் கடைசியாக உட்காருகிற பிள்ளைகளுக்கெல்லாம் முதுகில் கரி. கதை தலைமையாசிரியை அம்மாவின் மேசைக்குப் போயிற்று.

"உன் வண்டி புகைபோக்கி மாதிரி ஊதுதாமே? இன்னொரு புகார் வந்தா இந்த வழிய டவுன் வேன்காரருக்குக் குடுத்துடுவேன். லீவு விடுறதுக்குள்ள பரிசோதனை பண்ணி, புகை இல்லன்னு சீட்டு வாங்கிட்டு வா. சீட்டு இருந்தா உனக்கு, இல்லன்னா அவருக்கு."

அந்த வேலை என் கையால் நான் பிடித்த வேலை. கர்ப்பமாக இருந்தபோதே ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசிப் பிடித்தது. அது போனால் என் கையில் மிஞ்சுவது ஒரு இறால்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் பசைபோல் ஒட்டும் எங்கள் ஊர்ச் சோற்றுக் கூடையை நடுவில் வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினேன்.

"வண்டி ஏங்க புகையுது?"

"டீசல் சரியில்ல."

"மேட்டுல மட்டும் முன்ன விட வேகமா ஏறுதே?"

"டீசல் நல்லா இருக்கு."

"இப்பத்தானே சரியில்லன்னீங்க?"

"புகைக்குச் சரியில்ல. மேட்டுக்கு நல்லா இருக்கு."

வாயில் சோற்றை அடைத்துக்கொண்டார். அதற்கு மேல் கேட்டால் புரை ஏறியது போல நடிப்பார். அதில் அவர் கைதேர்ந்தவர்.

அடுத்த வாரம் ஓர் அதிசயம். புகை நின்றுவிட்டது. காலையில் நான் ஓட்டும்போது வண்டி விரதம் இருக்கிற கிழவி மாதிரி அடக்கமாகப் போனது. ஆனால் நான் வண்டியைக் கொண்டுவந்து விட்டு, அவர் எடுத்துக்கொண்டு கிளம்பினால், தெருமுனையில் கறுப்பு மேகம்! ஒரே வண்டி. ஒரே டீசல். எனக்கு ஒரு குணம், அவருக்கு ஒரு குணம். அதே வாரம்தான் இந்தக் கும்பிடும் தொடங்கியது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். எனக்குக் கிடைத்த விடை: பெண். எவளோ ஒருத்தி வசிய மருந்து கொடுத்திருக்கிறாள். இவர் அதைச் சிலைக்குப் பின்னால் ஒளித்து வைத்து, போகும்போதும் வரும்போதும் தொட்டுக்கொள்கிறார். சட்டையை மோந்து பார்த்தேன். டீசல் வாசம். போனைக் குடைந்தேன். அடுத்த தெரு விச்சியன் பேசி அனுப்பிய குரல் செய்தி மட்டும் நாற்பது. "நம்ம வண்டி இழுப்பே வேற", "உன்னால முடியுமா", இப்படி. எவளும் இல்லை. அதுவே எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு சுத்தமாக எந்தப் புருஷனும் இருக்க முடியாது.

பௌர்ணமி வந்தது.

பௌர்ணமி, அமாவாசை, நடுவில் வருகிற அஷ்டமிகள், இந்த நாட்களிலெல்லாம் பிக்குவுக்கு நான் மல்லிகை மாலை மாற்றுவேன். வண்டி வாங்கியதிலிருந்து அதுதான் வழக்கம். பழைய மாலையை எடுத்து, சிலையைத் தூக்கித் துடைத்து, புது மாலை போட வேண்டும். அன்றைக்கும் தூக்கினேன்.

பின்னால் ஒரு குட்டி சுவிட்ச். அதன் தலையில் மிளகு அளவுக்கு ஒரு விளக்கு.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் புரிந்தது, அவர் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று. பிக்குவைப் பெண்கள் தொடக் கூடாது. ஆகவே தா தொடமாட்டாள். அப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார். உயிருள்ள பிக்குவைத்தான் தொடக் கூடாது, பித்தளையைத் தொடலாம் என்று அவருக்குத் தெரியாது. அதுகூடப் போகட்டும். இத்தனை வருஷமாக அந்த மாலை வாடாமல் இருக்கிறதே, எப்படி? தானாகப் பூக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன்! வீட்டில் தண்ணீர்ப் பானை தானாக நிரம்புகிற மாதிரி. துவைத்த துணி தானாக மடிந்து அலமாரிக்குள் போகிற மாதிரி.

வண்டியைக் கிளப்பிவிட்டு, சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. காலால் ஒரு மிதி மிதித்தேன். பின்னால் இருந்து கறுப்பு மேகம் கிளம்பி, எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வை மேல் போய் உட்கார்ந்தது. சுவிட்சை அணைத்தேன். மிதித்தேன். கிழவி விரதம்.

ஆக, பெண் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பெண்ணாக இருந்திருந்தால் ஒரே சண்டையில் முடித்திருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் வண்டிக்கு ஒயர் வேலை தெரிந்தவர் ஒருவர்தான். மனோப் அண்ணன். இவருடைய சிநேகிதர் வேறு. வண்டியை நேராக அவர் பட்டறைக்கு ஓட்டிப் போய், குங்கை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். அவர் நூடுல்ஸ் கிண்ணத்தை அப்போதுதான் கையில் எடுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கீழே வைத்தார்.

"வா தங்கச்சி. தேச்சா சௌக்கியமா?"

"சௌக்கியம். சாமியெல்லாம் கும்பிடுறார்."

அண்ணன் முகம் வெளுத்தது.

"அந்த சுவிட்ச் என்னண்ணே பண்ணும்?"

"எந்த சுவிட்ச்?"

"உங்க பொண்ணு என் வண்டியிலதான் பள்ளிக்கூடம் போறா. கடைசி பெஞ்சு. ஞாபகம் இருக்கா?"

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

"தங்கச்சி, இஞ்சின்ல ஒரு மூளை இருக்கு. டீசல் குழாய்ல அழுத்தம் எவ்வளவுன்னு ஒரு சென்சார் அந்த மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். நான் மாட்டின பெட்டி, ரெண்டுக்கும் நடுவுல உக்காந்துக்கும். 'அழுத்தம் பத்தல, இன்னும் குடு, இன்னும் குடு'ன்னு பொய் சொல்லும். மூளை நம்பிடும். அள்ளி அள்ளிக் குடுக்கும். வேகம் வரும். எரியாத மிச்சம் புகையாப் போகும்."

"சாப்பிட்டு முடிச்சுட்டு, சாப்பிடலன்னு பாட்டி வீட்டுல போய் நிக்கிற பிள்ளை மாதிரி."

"அதேதான்! அப்புறம் நீ சட்டையப் பத்திச் சண்டை போட்டியாமே. அதுக்காகத்தான் தேச்சா வந்து சுவிட்ச் கேட்டான். சுவிட்ச அணைச்சா, சென்சார் சொல்றது பெட்டிக்குள்ள போகாது. அதைச் சுத்திக்கிட்டு நேரா மூளைக்குப் போயிடும். உண்மைக்கு ஒரு ரோடு, பொய்க்கு ஒரு ரோடு. சுவிட்சப் போட்டா பொய், அணைச்சா உண்மை. உனக்குக் காலைல உண்மை, அவனுக்கு மத்த நேரம் பொய். யாருக்கும் நஷ்டம் இல்ல பாரு."

"அணைக்க மறந்துட்டா?"

"மறப்பானா?"

"அண்ணே, அவர் அடுப்பையே அணைக்க மறக்கிறவர்."

மனோப் அண்ணன் பெருமூச்சு விட்டு, சுவரில் தொங்கிய ஸ்பானரை எடுத்தார். "சரி, பெட்டியக் கழட்டிடவா?"

"கழட்டினா இன்னொண்ணு வாங்குவார். இதை விடப் பெருசா. இன்னும் நல்ல இடமாப் பாத்து ஒளிப்பார். வேணாம். பெட்டி இருக்கட்டும். சுவிட்சும் இருக்கட்டும். போட்டா சிவப்பு லைட்டும் எரியட்டும். ஆனா ரெண்டு ரோட்டையும் உண்மைக்கே திருப்பி விட்டுடுங்க."

ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "நீயுமா?" என்றார்.

"நீயுமான்னா?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல. வாய் தவறிடுச்சு."

இதையும் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன். அவர் நூடுல்ஸ் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மூவரும் சந்தைக்குக் கிளம்பினோம். இவர் ஏறினார். கும்பிட்டார். தடவினார். மல்லிகைக்கு நடுவில் மெல்லச் சிவந்தது. முகத்தில் ஒரு பரம திருப்தி. காலை அழுத்தினார்.

"பாத்தியா இழுப்ப!"

"என்னங்க இழுப்பு?"

"அது... காத்து. ஜன்னல்ல காத்து இழுக்குது."

"ஆமாங்க. நல்ல காத்து."

அதற்குப் பிறகு தினமும் ஒரு கதை. இப்போது வண்டி 'செட்' ஆகிவிட்டதாம். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறதாம். புகைகூடக் குறைந்துவிட்டதாம், இஞ்சின் பழகிக்கொண்டதாம். இதையெல்லாம் என்னிடம் சொல்லவில்லை. காபிக் கடையில் சொல்லியிருக்கிறார். காபிக் கடைக்காரி என்னிடம் சொன்னாள். ஒரு நாள் இஞ்சி லோடு இறக்கிவிட்டு வந்தவர், சிங்கம் மாதிரி நடந்து வீட்டுக்குள் நுழைந்தார்.

"விச்சியன மேட்டுல முந்திட்டேன்."

"எப்படிங்க?"

"திறமை."

விச்சியன் வண்டியிலும் ஒரு பெட்டி உண்டு. அவன் அதை வெளிப்படையாகவே மாட்டியிருந்தான். அவனை இவர் எப்படி முந்தினார்? வெறும் வண்டியில்? எனக்கு மறுபடியும் சந்தேகம். பட்டறைக்குப் போய், 'நீங்கள் நிஜமாகவே ரோட்டைத் திருப்பினீர்களா?' என்று மனோப் அண்ணனைக் கேட்டேன். அவர் சத்தியம் செய்தார். செய்துவிட்டு அவசரமாக வேறு ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பரிசோதனை நாள் வந்தது. நான் தனியாகப் போகிறேன் என்றேன்.

"நானும் வர்றேன்."

"எதுக்குங்க?"

"எதுக்குன்னா? நம்ம வண்டி. நம்ம குடும்பம்." குடும்பம் என்ற சொல்லை அவர் எடுத்தால் பயத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். நான் ஓட்டக் கூடாதாம், அவரே ஓட்டுவாராம். பரிசோதனை நிலைய வாசலில் வண்டியை நிறுத்தியபோது கும்பிட்டார், தடவினார். சிவப்பு அணைந்தது. அணைந்ததை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு இறங்கிப் போய்ப் பெயர் பதிந்துவிட்டு வந்தார்.

எங்களுக்குப் பின்னால் விச்சியனின் வண்டி நின்றது. ஓட்டி வந்தது அவன் மனைவி சுமாலி. என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள்.

எங்கள் முறை. நீலச் சட்டைப் பரிசோதகர் புகைக்குழாயில் கருவியைச் செருகினார். அதில் வட்டமாக ஒரு வெள்ளைத் தாள். புகை பட்டால் தாள் கறுக்கும். கறுத்தால் வேன்காரர் ஜெயித்தார்.

"ஓனர் ஏறி உக்காருங்க. நான் சொன்னதும் அடி வரைக்கும் மிதிங்க."

இவர் ஏறினார். ஏறியதும்... ஆமாம். பழக்க தோஷம். தலை குனிந்தது. இடது கை தானாகப் பின்னால் போனது. தடவியது.

மல்லிகைக்கு நடுவில் சிவப்பு.

பார்த்துவிட்டார். கண் இரண்டும் அவித்த முட்டை மாதிரி வெளியே வந்தன. மறுபடியும் கையை நீட்டினார்.

"ரெண்டு கையும் ஸ்டியரிங்ல வைங்க!" என்றார் பரிசோதகர், ஜன்னல் பக்கமே நின்றுகொண்டு.

"ஐயா, சாமி..."

"சாமி அங்கேயேதான் இருப்பார். கைய வைங்க."

இவர் மறுபக்க ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் குங்கோடு நின்றுகொண்டிருந்தேன்.

"தா! சாமி மாலை கோணலா இருக்கு பாரு. கொஞ்சம் சரி பண்ணேன்."

"நேராத்தாங்க இருக்கு."

"பின்னால! பின்னால கொஞ்சம் கைய விட்டு..."

"ஐயையோ, பிக்குவைப் பொம்பளைங்க தொடலாமாங்க?"

அவர் நெற்றியிலிருந்து வேர்வை ஸ்டியரிங் மேல் சொட்டியது. பரிசோதகர், "மிதிங்க!" என்றார். இவர் மிதிக்கவில்லை.

"தா, என்னை மன்னிச்சுடு," என்றார். "டீசல் இல்ல. நான்தான். ஒரு பெட்டி மாட்டினேன். விச்சியன் என்னை மேட்டுல முந்திட்டுக் கொட்டாவி விட்டுக்கிட்டே போனான், தா. தாங்க முடியல. உன் வேலை போச்சு. நானே கெடுத்துட்டேன். வேன்காரர் கால்ல நான் போய் விழுறேன்."

நிஜமாகவே கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரு கணம்தான்.

"மிதிங்க," என்றேன்.

"தா..."

"மிதிங்கங்க. பின்னால ஆள் நிக்குது."

கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். இஞ்சின் அலறியது. குங் கை தட்டினாள். பரிசோதகர் இன்னும் இரண்டு தடவை மிதிக்கச் சொன்னார். பிறகு தாளை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிரானி அக்கா பையனின் சட்டை அந்த நிறத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. அவ்வளவு வெள்ளை.

"நல்லா வச்சிருக்கீங்க வண்டிய. போங்க, சீட்டு வாங்கிக்கங்க."

இவர் தாளைப் பார்த்தார். சிவப்பு விளக்கைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். பிக்குவைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் முதல் முறையாக இரண்டு கையையும் கூப்பி, நிஜமாகவே கும்பிட்டார்.

சுமாலி என் காதருகே வந்தாள்.

"மனோப் அண்ணனா?"

"ஆமா. உனக்கும்?"

"உனக்கு முந்தின வாரம்."

இரண்டு பேரும் சிரித்தோம். அதுதான் தப்பு. சிரிப்பை இவர் பார்த்துவிட்டார். இவரும் மக்கு இல்லை. கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

சீட்டை மடித்துப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு நான் ஓட்டுகிற பக்கம் ஏறினேன். இவர் மறுபக்கம் குங்கை மடியில் வைத்துக்கொண்டார். சுவிட்சைப் போட்டார். அணைத்தார். போட்டார். அணைத்தார்.

"லைட்டு மட்டும்தானா?"

"லைட்டு மட்டும்தாங்க."

"அப்ப அந்த இழுப்பு?"

"காத்து. நீங்கதானே சொன்னீங்க?"

"முதுகு சீட்டோட ஒட்டுச்சே!"

"ரெக்சின் சீட்டுங்க. புழுக்கம். வேர்வை."

கொஞ்ச தூரம் போனோம். பிறகு முகம் பளிச்சென்றது. "அப்படின்னா விச்சியனை நான் வெறும் வண்டியிலயா முந்தினேன்? பெட்டி போட்ட வண்டிய?"

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். சுமாலியும் பரிசோதனை முடித்து, அடக்கமாக, ஒரு துளிப் புகை இல்லாமல் வந்துகொண்டிருந்தாள். அவரும் கண்ணாடியில் பார்த்தார். முகம் மறுபடியும் அணைந்தது.

முக்கு திரும்பும் இடத்தில் ஒரு கடை. 'இந்த வண்டி மஞ்சள் நிறம்', 'இந்த வண்டி பச்சை நிறம்' என்று ஸ்டிக்கர்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கேட்ட வாசகத்தை அங்கேயே வெட்டியும் கொடுப்பார்கள். அதைப் பார்த்ததும் இவர் என் முழங்கையை மெல்லத் தொட்டார்.

"தா, கொஞ்சம் நிறுத்தேன்... 'இந்த வண்டி ரொம்ப வேகம்'னு ஒரே ஒரு ஸ்டிக்கர் மட்டும் வாங்கிக் குடு."